பிக்கப் ஏசியில் கூலிங் இல்லையா? கேஸ் போடும் முன் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியவை

பெங்களூரில் வண்டிக்கு ஏசி எதற்கு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. 2024 ஏப்ரல் கடைசியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிய பிறகு அந்தக் கேள்வி காதில் விழுவதில்லை. வெயிலை விடுங்கள், சில்க் போர்டு சந்திப்பில் முன்னால் நிற்கும் லாரியின் புகையும் ரோட்டு வேலைத் தூசியும் போதும், கண்ணாடியை ஏற்றிவிடுவோம். பிக்கப்பில் பாடு இன்னும் அதிகம். கேபின் சின்னது, முன்கண்ணாடி பெரியது, இன்ஜின் சூடு காலடியிலேயே அடிக்கும். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயமாகிவிட்டது. பிக்கப்கள் அந்தக் கணக்குக்குள் வராததால், ஏசியோடு வந்த வண்டியும் உண்டு, வாங்கிய பிறகு வெளியில் பொருத்திய வண்டியும் உண்டு. கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

கூலிங் இல்லை என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கேஸ் ஹாக்பிடோண சார்." தமிழ் பேசும் மெக்கானிக் என்றால், "கேஸ் போட்டுரலாம்ணா." ஆனால் ஏசி கேஸ் டீசல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது இயல்பு. ஒரே கோடையில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் போட்டால், அது கசிந்து தீரும் வரைதான் குளிரும். கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் ஏராளம். அவற்றில் பலவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சரிசெய்ய முடியாவிட்டாலும், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தேவையானது அதிகமில்லை. சமையலறையில் பயன்படுத்தும் ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், சாதாரண மல்டிமீட்டர், டார்ச், பழைய டூத் பிரஷ், தண்ணீர் பைப் அல்லது ஒரு பக்கெட் தண்ணீரும் மக்கும், ஸ்ப்ரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்த சோப்புத் தண்ணீர். பிரஷர் கேஜ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் முக்கால்வாசி வேலை முடியும்.

முதலில் சில எச்சரிக்கைகள். லுங்கியோ துண்டோ கட்டிக்கொண்டு ஓடும் இன்ஜின் பக்கம் குனியாதீர்கள், பெல்ட் இழுத்துவிடும். எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும், கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிடுங்கள். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, திறந்த வெளியில் நிற்க வேண்டும். அடுக்குமாடியின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டு இந்த வேலை செய்யக் கூடாது. ஏசிக் குழாயின் எந்த நட்டையும் வீட்டில் கழற்றக் கூடாது. நம் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்134ஏ என்ற கேஸ். வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கையில் பட்டால் கடுங்குளிரில் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நெருப்பில் பட்டால் விஷப் புகை வரும் என்பதால் கசிவு தேடும்போது பீடி, சிகரெட் வேண்டாம்.

எது எங்கே இருக்கிறது

பானட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லை ஒட்டி இன்னொரு மெல்லிய ரேடியேட்டர் மாதிரி நிற்பது கண்டென்சர். இன்ஜின் பக்கவாட்டில் பெல்ட் சுற்றும் உருளை கம்ப்ரஸர். டாஷ்போர்டுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது கூலிங் காயில். கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி அனுப்பும். கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றுக்குப் போய் கேஸ் திரவமாகும். வழியில் டிரையர் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே கூலிங் காயிலுக்குள் பாயும்போது திரவம் மீண்டும் ஆவியாகி, கேபின் காற்றின் சூட்டை உறிஞ்சும். கேபினுக்குள் எடுத்த சூட்டை கிரில்லுக்கு முன்னால் கொட்டும் வேலைதான் ஏசி. இந்த ஒரு வரி மனதில் இருந்தால் பாதிப் பழுதைத் தேடும் இடம் தெரிந்துவிடும். கொட்டும் இடம் அடைபட்டிருந்தால் உள்ளே எவ்வளவு கேஸ் இருந்தும் பயனில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

"குளிரலை" என்பது ஆளுக்கு ஆள் மாறும். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ரீசர்குலேஷனில் (உள்காற்றே சுற்றும்படி) வைத்து, ப்ளோயரை மூன்றாவது ஸ்பீடில் விடுங்கள். இன்ஜின் 1,500 ஆர்.பி.எம். அளவில் ஓடட்டும். பத்து நிமிடம் கழித்து நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். வெளியே 30 டிகிரி இருக்கும் காலையில் வென்ட்டில் 6 முதல் 10 டிகிரி வந்தால் ஏசி நல்ல நிலையில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் ஈரக்காற்றில் ஓரிரு டிகிரி கூடலாம். 15-ஐத் தாண்டினால் கோளாறு. 20-க்கு மேல் என்றால் கம்ப்ரஸர் ஓடுகிறதா என்பதே சந்தேகம். அப்படியே வண்டியை ஐடிலில் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை அளந்து எழுதி வையுங்கள். 1,500 ஆர்.பி.எம்.-இல், ஐடிலில் என்ற இந்த இரண்டு எண்களின் வித்தியாசம் பின்னால் பெரிதாக உதவும்.

காற்று வரவில்லையா, குளிர் வரவில்லையா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கேஸ் போட்டவர்கள் நிறைய. வென்ட்டில் கை வைத்தால் காற்று குளிராக இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை என்றால் கேஸ் பக்கம் போகவே வேண்டாம்.

ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடி, மற்ற ஸ்பீடுகளில் சும்மா இருந்தால் ஸ்பீடைக் குறைக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. எந்த ஸ்பீடிலும் ஓடாவிட்டால் ஃப்யூஸ், அப்புறம் ப்ளோயர் மோட்டாரின் கனெக்டர். கனெக்டர் உருகிக் கறுத்திருந்தால், மோட்டாரே அதிகக் கரண்ட் இழுக்கிறது என்று பொருள், கனெக்டரை மட்டும் மாற்றினால் மறுபடி உருகும். சத்தம் முழுசாக வந்தும் காற்று குறைவு என்றால் அடைப்பு. கேபின் ஃபில்டர் இருக்கும் வண்டியில் பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறையப் பிக்கப்களில் ஃபில்டரே கிடையாது. தூசி நேராகக் கூலிங் காயிலில் போய் ஈரத்தோடு சேர்ந்து களிமண் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவ டாஷ்போர்டைத் தொட வேண்டி வரலாம், கடை வேலை.

பெங்களூருக்கே உரிய இரண்டு தொல்லைகள் இங்கே சேரும். மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயில் காய்ந்த இலையும் பூவும் குவிந்துவிடும். வைப்பர் பக்கத்து ஜாலியை விரலால் துழாவினாலே கைநிறைய வரும். இரண்டாவது எலி. ராத்திரி தெருவில் நிற்கும் வண்டியில் ப்ளோயர் கூண்டுக்குள் துணி, பிளாஸ்டிக் எல்லாம் இழுத்துவந்து கூடு கட்டும், போகிற போக்கில் வயரையும் கடித்துவிடும். ப்ளோயர் ஓடும்போது கடகடவென்று சத்தமும் ஒரு மாதிரி நாற்றமும் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காற்று நன்றாக வந்தும் குளிரவில்லை என்றால், பானட்டுக்குப் போகும் முன் ஒன்று பாருங்கள். குளிர்-சூடு திருகியைக் கடைசி வரை குளிர்ப் பக்கம் திருப்பியும் உள்ளே கேபிள் கழன்று, ஹீட்டர் பாதி திறந்தபடி இருக்கலாம். ஏசி பாட்டுக்குக் குளிர்விக்கும், ஹீட்டர் பாட்டுக்குச் சூடாக்கும். இன்ஜின் சூடான பிறகு ஏசியை அணைத்து வெறும் ப்ளோயரை விட்டால், வெளிக்காற்றைவிட ரொம்பச் சூடான காற்று வந்தால் ஹீட்டரின் சூடு உள்ளே கசிகிறது. கேபிளைக் கொக்கியில் மாட்டினாலே தீரும் வேலைக்குக் கேஸ் காசு கொடுப்பானேன்.

கம்ப்ரஸர் பிடிக்கிறதா?

இன்ஜின் ஓடட்டும், ப்ளோயர் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசி பட்டனை அழுத்த, நீங்கள் தள்ளி நின்று கம்ப்ரஸரின் முன்பக்கத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் நடுவில் உள்ள தட்டு, ஏசி போட்டால்தான் "டக்" என்று ஒட்டிக்கொண்டு கூடச் சுற்றும். அதுதான் கிளட்ச். நடக்கக் கூடியது மூன்று: ஒட்டிக்கொண்டு நிலையாக ஓடும், ஒட்டவே ஒட்டாது, சில விநாடிக்கு ஒரு முறை ஒட்டி ஒட்டி விடும். (சில புது வண்டிகளில் கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உண்டு, அதற்கு இந்தச் சோதனை உதவாது.)

ஒட்டவே இல்லை என்றால் ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஏசி ஃப்யூஸைச் சோதியுங்கள். அப்புறம் ரிலே. ஹார்ன் ரிலே அதே நம்பரில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏசி ஓட ஆரம்பித்து ஹார்ன் நின்றுபோனால் விடை கிடைத்துவிட்டது. அடுத்தது மல்டிமீட்டர். கம்ப்ரஸருக்குப் போகும் ஒற்றை வயர் கனெக்டரைக் கழற்றி, இன்ஜினும் ஏசியும் ஓடும்போது அதில் வோல்டேஜ் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தும் கிளட்ச் ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்சில். இன்ஜினை நிறுத்தி, கம்ப்ரஸர் பக்க வயருக்கும் கம்ப்ரஸர் உடம்புக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். 3 முதல் 5 ஓம் வந்தால் கிளட்சை இழுக்கும் காயில் நல்லது. முடிவிலி காட்டினால் காயில் எரிந்துவிட்டது. காயில் நன்றாக இருந்தும் ஒட்டாவிட்டால், தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி தேய்ந்து அதிகமாகியிருக்கும். சராசரியாக அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி அது. ஒரு அடையாளம் சொல்கிறேன்: காலையில் குளிர்ந்த இன்ஜினில் நன்றாகப் பிடித்து, சூடானதும் விட்டுவிடும் கிளட்சில் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் வில்லன். இதற்கு முழுக் கம்ப்ரஸரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வளையம் ஒன்றை எடுத்தாலே பல சமயம் சரியாகும்.

வோல்டேஜே வரவில்லை என்றால் இடையில் உள்ள ஏதோ ஒன்று தடுக்கிறது: பிரஷர் ஸ்விட்ச், கூலிங் காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர், அல்லது இன்ஜின் அதிகச் சூடானதால் இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வெட்டியிருக்கலாம். கேஸ் காலியான வண்டியிலும் இதே நிலைதான். பிரஷர் சுமார் 2 பாருக்குக் கீழே போனால் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. அந்த ஸ்விட்சை வயர் போட்டு நேராக இணைத்து ஓட்டிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஓரிரு விநாடி கிளட்ச் ஒட்டுகிறதா என்று பார்ப்பது வேறு, அப்படியே விட்டுவிடுவது வேறு. கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடுதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் உள்ளே வறண்டு உராய்ந்து, அலுமினியத் தூள் குழாய் முழுக்கப் பரவும். பிறகு கம்ப்ரஸரோடு கண்டென்சர், டிரையர், வால்வு எல்லாவற்றுக்கும் செலவு.

வெளியில் பொருத்திய ஏசியில் இந்த மின்சாரப் பகுதியைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு, பாடியில் தளர்ந்த எர்த் போல்ட், இரண்டும் அடிக்கடி மாட்டும்.

பெல்ட்டையும் ஒரு பார்வை. ஏசி போட்டதும் கீச்சென்று கத்தி அடங்கினால் தளர்ந்திருக்கிறது அல்லது வழவழப்பாகிவிட்டது.

சில்க் போர்டில் நின்றுபோகும் குளிர்

பெங்களூர் பிக்கப்காரர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வரும்போது நடுங்கும் அளவு குளிர், இறங்கி ட்ராஃபிக்கில் நின்றால் அனல். நீங்கள் எழுதி வைத்த இரண்டு எண்களில் ஐடில் எண் மட்டும் மோசம் என்றால் உங்களுக்கும் இதுதான்.

ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஃபேன் சரியாகச் சுற்றாவிட்டாலோ, கண்டென்சர் அடைத்திருந்தாலோ, சூடு வெளியே போகாமல் உள்ளே பிரஷர் ஏறிக்கொண்டே போகும். சுமார் 30 பாரைத் தொட்டால் ஸ்விட்ச் கம்ப்ரஸரை வெட்டிவிடும். டிரைவருக்கு அது கேஸ் தீர்ந்தது போலத்தான் தெரியும். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றினால் பிரஷர் மேலும் கூடி, நிலைமை கெட்டுப்போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மக் தண்ணீர் போதும். வண்டி ஐடிலில், ஏசி ஓடட்டும், தெர்மாமீட்டர் வென்ட்டில் இருக்கட்டும். முன்னால் போய் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வயர், ஹார்ன் மேல் ஊற்ற வேண்டாம். ஓரிரு நிமிடத்தில் வென்ட் குளிர் மளமளவென்று இறங்கினால் கேஸும் கம்ப்ரஸரும் பரவாயில்லை, கண்டென்சருக்குக் காற்றுதான் போதவில்லை.

விவேக் நகரில் தெரிந்தவர் ஒருவர் ஓசூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிவருபவர். கேஸ் போட்டும் தீராத இதே புகாரோடு வந்தார். தண்ணீர் ஊற்றியதும் வென்ட்டில் 19-இல் நின்ற எண் 12-க்கு வந்துவிட்டது.

"கேஸு இருக்குதுண்ணு சொல்றீங்களா?"

"இருக்குண்ணா. மூச்சுதான் விட முடியல. கிரில்லைக் கழட்டுங்க."

கழற்றினால், ராத்திரிப் பூச்சி அடையாமல் இருக்க அவரே கட்டியிருந்த பிளாஸ்டிக் கொசுவலை. அதன் மேல் பூச்சி இறக்கை, தூசி, காய்ந்த சாமந்தி இதழ். வலைக்குப் பின்னால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் டார்ச்சை மேலிருந்து, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள விரலளவு சந்துக்குள் அடித்தால், கம்பளி விரித்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் படலம். முன்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படவே படாது. எந்த வண்டியிலும் அந்தச் சந்தைப் பார்க்காமல் "கண்டென்சர் கிளீன்" என்று சொல்லாதீர்கள்.

கழுவும் முறைக்கு வருவோம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முடிந்தவரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்துத் தண்ணீரைப் பாய்ச்சுங்கள், அப்போதுதான் அழுக்கு வந்த வழியே போகும். சாதாரண பைப் வேகம் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைப் பக்கத்தில் வைத்தால் அலுமினிய இதழ்கள் மடங்கி நிரந்தர அடைப்பாகிவிடும். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டாம், பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்துத் தெளித்து ஊறவிட்டாலே போதும். மடங்கிய இதழ்களைப் பழைய டூத் பிரஷ்ஷால், இதழ் ஓடும் திசையிலேயே நிமிர்த்தலாம். கிரில்லை மறைத்துத் தொங்கும் போர்டு, ஃபேன்சி லைட், திருஷ்டிச் சாமான்களையும் இடம் மாற்றுங்கள். கனத்த கிராஷ் கார்டு இருந்தால் அதையும்தான். காற்றை மறைப்பது ஒருபுறம் இருக்க, 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது.

ஃபேன் இரண்டு வகை. எலக்ட்ரிக் ஃபேன் இருந்தால் ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். பல டீசல் பிக்கப்களில் இன்ஜினே சுழற்றும் விஸ்கஸ் ஃபேன் இருக்கும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுற்றுங்கள். கொஞ்சம் கனமாக நகர்ந்து உடனே நிற்க வேண்டும். காத்தாடி மாதிரி பல சுற்றுச் சுற்றினால், அல்லது நடுவில் எண்ணெய் கசிந்த கோடுகள் தெரிந்தால், அதன் ஆயுள் முடிந்தது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவசம் உடைந்து காணாமல் போயிருந்தாலும் நிற்கும்போது கூலிங் விழும், அதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இப்போது கேஸைச் சந்தேகிக்கலாம்

காற்று சரி, ஹீட்டர் சரி, கிளட்ச் ஒட்டுகிறது, கண்டென்சர் சுத்தம், ஃபேன் ஓடுகிறது. அப்படியும் குளிரவில்லை என்றால்தான் கேஸ்.

குழாயைத் தொட்டுப் பாருங்கள். டாஷ்போர்டுச் சுவரிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாய் சில்லென்று வியர்த்து இருக்க வேண்டும். கண்டென்சரிலிருந்து உள்ளே போகும் மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயைத் தொடாதீர்கள், சுடும். தடித்த குழாய் வெதுவெதுப்பாகவே இருந்து, கிளட்சும் ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை ஒட்டி ஒட்டி விட்டால், கேஸ் குறைவு என்பதற்கு நல்ல சாட்சி. மெல்லிய குழாயின் நடுவிலோ டிரையரின் மேலோ பனி பூத்திருந்தால் அந்த இடத்தில் அடைப்பு. பழைய வண்டிகளில் டிரையர் மேல் சின்னக் கண்ணாடி இருக்கும். அதில் விடாமல் குமிழி ஓடினால் கேஸ் குறைவாக இருக்கலாம். ஆனால் நிறைந்திருந்தாலும் தெளிவாகத் தெரியும், சுத்தமாகக் காலியானாலும் தெளிவாகத் தெரியும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் ஓடாமல் ஆறியிருக்கும்போது 25 டிகிரியில் சுமார் 80 பி.எஸ்.ஐ. காட்டும். அதைப் பார்த்து "ஃபுல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை, பாதி கேஸ் போயிருந்தாலும் அதே 80-தான் காட்டும். வெப்பநிலைதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது, அளவு இல்லை. 80-க்கு ரொம்பக் கீழே இருந்தால் மட்டும் கேஸ் ஏறக்குறைய காலி என்று உறுதியாகச் சொல்லலாம். ஓடும்போது 30 டிகிரி நாளில் தாழ்ந்த பக்கம் (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கம்) 25 முதல் 40, உயர்ந்த பக்கம் (கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் பக்கம்) 150 முதல் 250 பி.எஸ்.ஐ. வரை இயல்பு. இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சர் பிரச்சினை, அல்லது யாரோ கேஸை அளவில்லாமல் ஏற்றியிருக்கிறார்கள். தாழ்ந்த பக்கம் கூடி, உயர்ந்த பக்கம் ஏறாமலே இருந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. தாழ்ந்த பக்கம் வாக்குவத்துக்கே (பூஜ்யத்துக்கும் கீழே) போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கிறது.

கசிவைத் தேட, ஆயிலைத் தேடுங்கள். கேஸுக்கு நிறமில்லை, ஆனால் அதோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். கம்ப்ரஸரின் முன் சீல், ஹோஸ் உலோகத்தோடு சேரும் நசுக்கிய வளையம், கண்டென்சரின் அடிப்பாகத்தில் கல்லடி பட்ட இடம், பாடியோடு உரசும் குழாய் வளைவு என்று டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தேகமான இடத்தில், இன்ஜினை நிறுத்திவிட்டு சோப்புத் தண்ணீர் தெளித்துச் சில நிமிடம் காத்திருங்கள். பெரிய குமிழியை எதிர்பார்க்காதீர்கள், சிறு கசிவில் மெல்ல வெண்ணுரைதான் திரளும். கேஸ் ஏற்றும் வால்வின் மூடியைத் திறந்து, வாயில் ஒரு சொட்டுச் சோப்பு நீர் வைத்துப் பாருங்கள். அதற்குள் இருப்பது டயர் வால்வு போன்ற சின்ன ஊசி. பெரிய கசிவைத் தேடி அலைந்து கடைசியில் அந்த ஊசியில் வந்து நிற்பது உண்டு. எங்கேயும் அகப்படவில்லை, ஆனால் கேஸ் போகிறது என்றால் கூலிங் காயிலைத்தான் நினைக்க வேண்டும். அதை வீட்டில் பார்க்க வழியில்லை.

கடையில் கிடைக்கும் சின்ன கேனை வாங்கி நீங்களே டாப்-அப் செய்வது எனக்குச் சம்மதம் இல்லை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் எவ்வளவு சேர்ப்பது? கசிவை அடைக்கும் மருந்து கலந்த கேன் இன்னும் மோசம். வால்வையும் அடைக்கும், பின்னால் கேஸ் எடுக்கும் கடையின் மெஷினையும் கெடுக்கும்.

முதலில் குளிர்ந்து, பிறகு நின்றால்

அரை மணி நேரம் அருமையாக இருந்து, அப்புறம் காற்றே குறைந்துகொண்டு போனால் கூலிங் காயில் மேல் பனி உறைகிறது. ஏசியை மட்டும் அணைத்துப் ப்ளோயரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி வந்து, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் உறுதி. தெர்மிஸ்டர் இடம் நகர்ந்திருக்கும் அல்லது கெட்டிருக்கும், அல்லது காற்று வழி அடைத்திருக்கும். காற்று குறையாமல் குளிர் மட்டும் விட்டு விட்டு வந்தால், குழாய்க்குள் ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைகிறது. அதற்கு டிரையர் மாற்றி வாக்குவம் போட (பம்பால் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க) வேண்டும்.

இடது பக்க மிதியடி நனைந்தால் டிரெய்ன் பைப் அடைப்பு. கீழிருந்து மெல்லிய பிளாஸ்டிக் வயரை மெதுவாக விட்டுக் குடைந்தால் தண்ணீர் கொட்டும். ஏசி போட்டதும் பூஞ்சை வாடை வந்தால், வண்டியை நிறுத்தச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்துப் ப்ளோயரை மட்டும் ஓடவிடும் பழக்கம் நல்லது.

கடைக்குப் போகும்போது

கேஸ் வேலைதான் என்று தெரிந்த பிறகு, வீட்டுப் பக்கத்துக் கடையோ, வண்டிக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடோ, எங்கே போனாலும் "கூலிங் இல்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஐடில்ல 19 டிகிரி வருது, தண்ணி ஊத்தினாலும் மாறல, கிளட்ச் விட்டு விட்டுப் பிடிக்குது, கம்ப்ரஸர் ஹோஸ் முனையில ஆயில் இருக்கு" என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும். கசிவை அடைத்த பிறகு நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். குழாய் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றுவதுதான் சரி. பிறகு வாக்குவம் குறைந்தது அரை மணி நேரம். பம்பை நிறுத்தி, கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே கூட நின்று பாருங்கள். கடலோர ஊரில் அந்த முள் 29 இஞ்ச் வரை இறங்கும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதால் இங்கே 26, 27-லேயே நின்றுவிடும். அது முழு வாக்குவம்தான், பம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

கேஸ் எத்தனை கிராம் என்பது பானட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். எடை மெஷினில் வைத்து அந்த அளவே ஏற்ற வேண்டும், கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக வேண்டாம். ஸ்டிக்கர் இல்லாத, வெளியில் பொருத்திய ஏசியாக இருந்தால், இந்த முறை நல்ல கூலிங் வந்த அளவைக் கேட்டு பெயின்ட் மார்க்கரால் பானட்டுக்குள் எழுதி வையுங்கள். காசு கொடுக்கும் முன் அதே தெர்மாமீட்டரை வென்ட்டில் செருகி, ஐடிலில் ஒரு முறை அளந்து பாருங்கள். பானட்டை மூடும் முன் இரண்டு சர்வீஸ் வால்வுகளின் பிளாஸ்டிக் மூடிகளும் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றுக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஊசி லேசாகக் கசிந்தாலும் தாங்கிப் பிடிப்பது அதுதான். வேலை மும்முரத்தில் அந்த மூடிகள் கடைத் தரையிலேயே உருண்டு கிடக்கும்.